வாலஸ் கண்ட மூழ்கிய நிலங்கள் இரண்டு

நூல் திறனாய்வு: 'மலாய்த் தீவுக்கூட்டம்', ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1869

பழைய அறிவியல் நூல் ஒன்றை இன்று எதற்காகப் படிக்க வேண்டும்? அதில் உள்ள உண்மைகள் பாடப்புத்தகங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன, தவறுகள் கைவிடப்பட்டுவிட்டன, மிஞ்சுவது பயணக் கதைதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வாலஸ் எழுதிய 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

இந்நூலில், கடலில் மூழ்கிய நிலங்கள் இரண்டைப் பற்றி வாலஸ் பேசுகிறார். இரண்டையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. இரண்டையும் அவர் விலங்குகளையும் பறவைகளையும் சான்றாகக் கொண்டே ஊகித்தார். முதல் நிலம் உண்மை என்று பிற்காலத்தில் உறுதியாயிற்று. இரண்டாவது நிலம் இருந்ததே இல்லை என்று ஆயிற்று. ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஏறத்தாழ ஒரே வகையான வாதம். அப்படியிருக்க, முடிவுகள் மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டன? இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்காகவே இந்நூலைப் படிக்கலாம் என்பது என் கருத்து. தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி அக்கறையும் இருக்க வேண்டும். ஏனெனில், அந்த இரண்டாவது நிலத்தின் பெயர் இலெமூரியா.

நூலும் ஆசிரியரும்

வாலஸ் 1823-இல் வேல்ஸ் பகுதியில் பிறந்தவர். செல்வக் குடும்பத்தினர் அல்லர். பல்கலைக்கழகப் படிப்பும் இல்லை. நிலம் அளக்கும் வேலை செய்து பிழைத்தவர். பறவைகளையும் பூச்சிகளையும் பிடித்துப் பதப்படுத்தி, லண்டனில் இருந்த முகவர் ஒருவர் மூலம் விற்று, அந்த வருவாயைக் கொண்டே பயணம் செய்தார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கியவர், 1862 வரை எட்டு ஆண்டுகள் இத்தீவுகளில் அலைந்தார். ஏறத்தாழ 14,000 மைல் பயணம். மொத்தம் 1,25,660 உயிரின மாதிரிகள். அவற்றுள் வண்டினங்கள் மட்டும் 83,200, பறவைகள் 8,050. இயற்கைத் தேர்வு பற்றிய தம் கட்டுரையை டார்வினுக்கு அனுப்பியதும் இப்பயணத்தின் நடுவில்தான். அக்கட்டுரை டார்வினின் குறிப்புகளோடு சேர்த்து 1858 ஜூலை 1-ஆம் நாள் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டது. பதினோர் ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த இந்நூலை வாலஸ் டார்வினுக்கே காணிக்கையாக்கினார். தமது பங்கைப் பற்றி இதில் அவர் பெருமை பேசிக்கொள்ளவில்லை.

நூலின் அமைப்பு முதலில் வாசகரைத் திணறடிக்கும். வாலஸ் சென்ற வரிசையில் நூல் செல்வதில்லை. தீவுகளை இந்தோ-மலாய், திமோர், செலிபஸ், மொலுக்கா, பாப்புவா என ஐந்து கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தீவுக்கும் தாம் வெவ்வேறு ஆண்டுகளில் சென்றதை ஒரே இடத்தில் சேர்த்து எழுதுகிறார். ஆகவே 1861-இல் நடந்தது முன்னும், 1856-இல் நடந்தது பின்னுமாக வரும். கதையாகப் படிப்பவருக்கு இது குறை. ஆனால் இடத்தோடு இடத்தை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அந்த வட்டாரத்தின் உயிரினங்களைத் தொகுத்து ஓர் இயல் எழுதியிருப்பது பெரும் பயன் தருகிறது. பக்கத்தில் நிலப்படம் ஒன்றை விரித்து வைத்துக்கொள்ளாமல் இந்நூலைப் படிக்கக் கூடாது.

இத்தீவுகளின் பரப்பை வாசகர் மனத்தில் பதிய வைப்பதில் ஆசிரியர் வல்லவர். கிழக்கு மேற்காக 4,000 மைல், வடக்குத் தெற்காக 1,300 மைல் என்று எண்களைச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. போர்னியோவுக்குள் பிரிட்டிஷ் தீவுகள் முழுவதையும் வைத்துவிடலாம் என்று காட்டுகிறார். நம் கணக்கில் சொன்னால், போர்னியோ ஒரு தீவே தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் பெரிது. பருவக்காற்றை நம்பி நடக்கும் வணிகத்தையும் அழகாக விளக்குகிறார். மக்காசரிலிருந்து மேல்காற்றில் பாய்மரக்கலம் ஏறி, 1857 ஜனவரியில் அரூ தீவுகளை அடைந்து, கீழ்காற்று வீசும் ஜூலையில் திரும்பியதை எழுதும்போது, அவ்வணிகத்தின் சரக்குகளையும் சொல்கிறார்: முத்துச்சிப்பி, கடலட்டை. கடலட்டை சீனத்துக்கு ஏற்றுமதியானதை நம் இராமநாதபுரக் கடற்கரையாரும் அறிவர்.

பாலியும் லொம்பொக்கும்

1856-இல் வாலஸ் சிங்கப்பூரிலிருந்து மக்காசருக்குச் செல்ல விரும்பினார். நேரே செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் பாலித் தீவுக்கும், அங்கிருந்து லொம்பொக்குக்கும் சென்றார். இந்தத் தாமதம் நேராவிட்டால் தம் பயணத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்பைத் தவறவிட்டிருப்பேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பாலியில் இரண்டே நாள் தங்கினார். குக்குறுவான், மரங்கொத்தி முதலான பறவைகளைக் கண்டார். அவை ஆசியப் பறவைகள். நம் ஊர்த் தோப்புகளிலும் அவற்றின் இனத்தார் உண்டு. கடலைக் கடந்து லொம்பொக்கில் இறங்கியதும் அவை அவர் கண்ணில் படவில்லை. மாறாக வெள்ளைக் காக்கட்டூ கிளிகளும், தேன்குடிக்கும் ஆஸ்திரேலியப் பறவைகளும், மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து அதனுள் முட்டையிடும் கோழியினமும் எதிர்ப்பட்டன. இடையில் இருந்த கடலின் அகலம், மிகக் குறுகிய இடத்தில் 15 மைல் என்று எழுதுகிறார். இருபுறமும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே எரிமலை மண். அப்படியிருந்தும் பறவைகள் வேறு!

இங்கே ஆசிரியரின் அறிவுக்கூர்மை வெளிப்படுகிறது. தட்பவெப்பம் ஒன்றாக இருந்தால் உயிரினமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அன்று பலரும் நம்பினர். போர்னியோவும் நியூகினியும் வெப்பத்திலும் மழையிலும் காட்டிலும் ஒத்தவை; விலங்குகளிலோ முற்றிலும் மாறுபட்டவை. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் தட்பவெப்பத்தில் மாறுபட்டவை, விலங்குகளிலோ உறவினர். எனவே உயிரினப் பரவலுக்குக் காரணம் இன்றைய தட்பவெப்பம் அன்று. நிலத்தின் பழைய வரலாறே என்று வாலஸ் முடிவு செய்தார். இருவகை உயிரினங்களையும் பிரித்து 1863-இல் அவர் வெளியிட்ட நிலப்படத்தில் வரைந்த கோட்டுக்கு, 1868-இல் ஹக்ஸ்லி 'வாலஸ் கோடு' என்று பெயரிட்டார்.

முதல் நிலம்: கடலின் ஆழமே சாட்சி

பாலி, ஜாவா, சுமத்திரா, போர்னியோ ஆகியவை ஒருகாலத்தில் ஆசியாவோடு ஒன்றாக இருந்தன என்பது வாலஸின் முதல் முடிவு. யானை, காண்டாமிருகம், புலி போன்ற பெருவிலங்குகள் இத்தீவுகள் சிலவற்றில் இருக்கின்றன. அவை கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. நடந்துதான் வந்திருக்க வேண்டும்.

விலங்குகளை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம். வாலஸ் இன்னொரு சான்றைத் துணைக்கு அழைக்கிறார். அது விலங்கியலைச் சேர்ந்ததன்று. கப்பலோட்டிகள் கயிற்றில் குண்டு கட்டி இறக்கிக் கடலின் ஆழம் பார்ப்பார்கள். அதற்குப் பாகம் என்பது அளவு; ஒரு பாகம் 6 அடி. இத்தீவுகளுக்கு இடையே உள்ள கடல் பெரும்பாலும் 40 பாகத்துக்கு மேல் ஆழமில்லை. அதாவது 240 அடி, ஏறத்தாழ 73 மீட்டர். ஆழமற்ற இந்தக் கடலடி மேடையை 1845-இலேயே ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்பவர் சுட்டிக்காட்டியிருந்தார். அவருக்கு உரிய மதிப்பை வாலஸ் மறக்காமல் கொடுக்கிறார். விலங்குகள் 'இங்கே நிலம் இருந்தது' என்கின்றன. ஆழமானியும் 'ஆம், இருக்க முடியும்' என்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

ஆனால் அந்த நிலம் எப்படி மூழ்கிற்று என்று விளக்க வந்த இடத்தில் ஆசிரியர் தவறுகிறார். ஜாவா, சுமத்திரா எரிமலைகள் பூமியின் உள்ளிருந்து ஏராளமான பொருளை வெளியே கொட்டியதால் அடித்தளம் வலுவிழந்து, அக்கம்பக்கத்து நிலம் தாழ்ந்தது என்பது அவர் விளக்கம். நிலம் தாழாமலே நீர் உயர்ந்திருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. பனியூழியில் கடல்நீர் பனிக்கட்டியாகத் தரைமீது தங்கியதால் கடல்மட்டம் பல நூறு அடி தாழ்ந்திருக்கும் என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மக்லாரன் 1842 வாக்கிலேயே எழுதியிருந்தார்.

இதை நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலகக் கடல்களின் பரப்பு ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். இன்றைய ஆய்வுகளின்படி 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. 36 கோடியை 0.12-ஆல் பெருக்கினால் 4.3 கோடி கன கிலோமீட்டர் நீர். இதைச் சராசரி 2 கிலோமீட்டர் கனமுள்ள பனிப்பாளமாகத் தரையில் பரப்ப வேண்டுமானால், பனிக்கட்டி நீரைவிட இலேசானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட, சுமார் 2.3 கோடி சதுர கிலோமீட்டர் இடம் வேண்டும். இது இந்தியாவைப் போல ஏழு மடங்கு. கனடாவும் வட ஐரோப்பாவும் பனியால் மூடப்பட்டிருந்த அக்காலத்தில் இதற்கு இடமிருந்தது. ஆக, கணக்கு ஒத்து வருகிறது.

73 மீட்டர் ஆழக் கடலிலிருந்து 120 மீட்டர் நீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தரைதான். இன்று சுந்தா மேடை என்று வழங்கும் அந்த நிலத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். 1921-இல் டச்சு நிலவியலார் மோலன்கிராப் இக்கடலடியில் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மூழ்கிக் கிடப்பதை விளக்கினார். பங்கா, பெலித்துங் தீவுகளை ஒட்டிய கடலில் அத்தகைய பழைய ஆற்றுப்படுகைகளிலிருந்து வெள்ளீயத் தாது வாரி எடுக்கப்படுகிறது. வாலஸின் முதல் நிலம் இவ்வாறு மெய்ப்பட்டது. அவர் சொன்ன காரணம் விழுந்தது. கண்ட உண்மை நின்றது.

கோட்டுக்குக் கிழக்கே

லொம்பொக் நீரிணை மட்டும் ஏன் தடையாயிற்று? கடல்மட்டம் 120 மீட்டர் இறங்கிய போதும் வற்றாத ஆழம் அதற்கு உண்டு. ஆனால் கிழக்கே ஆஸ்திரேலிய விலங்குகள் இவ்வளவு அருகில் வந்து நிற்பதற்கு இது மட்டும் விடையாகாது. நிலமே நகரும் என்பது வாலஸ் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஆஸ்திரேலியாவைச் சுமந்த தட்டு வடக்கு நோக்கி இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்கிறது. சிறு அளவுதான்; ஆயினும் பத்து இலட்சம் ஆண்டுகளில் 70 கிலோமீட்டர் ஆகும். தொலைவில் தனித்து வளர்ந்த உயிரினங்களைச் சுமந்துகொண்டு ஆஸ்திரேலியா வந்தது. சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியத் தீவுகளோடு மோதத் தொடங்கிற்று. வாலஸ் கண்டது, வெவ்வேறு இடத்தில் எழுதப்பட்ட இரண்டு புத்தகங்கள் ஒரே அலமாரியில் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டதைப் போன்றது.

இதற்குத் துணைச்சான்று ஒன்று இயற்பியலிலிருந்து வந்தது. டச்சு விஞ்ஞானி வெனிங் மெய்னஸ் 1923 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஊசல்களை எடுத்துச் சென்று கடலின்மேல் புவியீர்ப்பை அளந்தார். மேலே மிதக்கும் கப்பலின் ஆட்டத்தில் ஊசல் பயன்படாது. ஆழத்தில் ஆட்டம் குறைவு. சுமத்திரா, ஜாவாவுக்கு வெளிப்புறமாக நீண்ட பட்டை ஒன்றில் ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பதைக் கண்டார். கடலடித் தட்டு அங்கே தீவுகளுக்குக் கீழே சரிந்து இறங்குகிறது என்பது இன்றைய விளக்கம். அப்படி இறங்கும் தட்டுத்தான் எரிமலை வரிசைக்கும் காரணம். அதே எல்லையின் வடமேற்குப் பகுதி உடைந்து நழுவியதால்தான் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்தது. தீவுகளின் புவியியல் நமக்கு அயலார் செய்தி அன்று.

அளவுகோல் இல்லாத இடங்கள்

உயிரினங்களைப் பற்றி எழுதும்போது இவ்வளவு நிதானம் காட்டும் ஆசிரியர், மக்களைப் பற்றி எழுதும்போது அதைக் கைவிட்டுவிடுகிறார். விலங்குக் கோட்டுக்குக் கிழக்கே மனிதர்களுக்கும் ஒரு கோடு வரைகிறார்; மேற்கே மலாயர், கிழக்கே பாப்புவர். மலாயர் அடக்கமானவர், பாப்புவர் ஆர்ப்பரிப்பவர் என்று குணத்தையும் சான்றாகச் சேர்க்கிறார். பறவையின் அலகை அளந்தவர், மனிதனின் குணத்தை எந்தக் கோலால் அளந்தார்? கிழக்குத் தீவுகளின் மக்களிடையே இருவகை மரபும் படிப்படியாகக் கலந்து மாறுவதை இன்றைய மரபணு ஆய்வு காட்டுகிறது. வெட்டியது போன்ற கோடு அங்கு இல்லை.

இதில் வருந்தத்தக்கது என்னவெனில், நல்ல அளவுகோல் ஒன்று அவர் கையிலேயே இருந்தது. நூலின் பின்னிணைப்பில் 33 மொழிகளில் 117 சொற்களையும், 59 மொழிகளில் 9 சொற்களையும் பட்டியலிட்டிருக்கிறார். ஐந்து என்னும் எண்ணுக்கு மலாய் மொழியில் 'லிமா', நியூசிலாந்தின் மவோரியில் 'ரிமா', மடகாஸ்கரில் 'டிமி'. இத்தகைய ஒற்றுமைகளை வைத்தே பிற்கால மொழியியலார் தைவானிலிருந்து தொடங்கிக் கடல்வழி பரவிய ஆஸ்திரோனேசிய மக்களின் வரலாற்றை மீட்டனர். வாலஸ் சொற்களைத் திரட்டினார். ஆனால் அவற்றைக் காட்டிலும் முகத்தோற்றத்தையே நம்பினார்.

ஜாவாவைப் பற்றிய பகுதி இன்னும் கசப்பானது. 1830 முதல் டச்சு ஆட்சி, காபி, கரும்பு, அவுரி ஆகியவற்றை அரசுக்காகப் பயிரிட்டுத் தருமாறு உழவர்களைக் கட்டாயப்படுத்தியது. வாலஸ் இம்முறையைத் தந்தை பிள்ளைகளை நடத்துவதற்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார். மக்கள்தொகை பெருகியதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். அதே ஜாவாவில் தெமாக், குரோபோகான் மாவட்டங்களில் 1849-50-இல் கொடும் பஞ்சம் வந்து மக்கள் மடிந்தனர். இக்கொடுமைகளை அம்பலப்படுத்தி, முன்னாள் டச்சு அதிகாரி ஒருவர் முல்தாத்துலி என்ற புனைபெயரில் 1860-இல் வெளியிட்ட 'மாக்ஸ் ஹவலார்' என்ற நாவலைச் சலிப்பூட்டும் நூல் என்று வாலஸ் தள்ளிவிடுகிறார். தமக்குப் பிடிக்காத சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிடுவது அவருடைய வழக்கமன்று; இங்கே அதைச் செய்தார். எனினும் நூலின் இறுதியில், செல்வம் குவிந்தும் வறுமை நீங்காத தம் சொந்த நாட்டின் சமூக ஒழுங்கை அவரே கடுமையாகச் சாடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

உழைத்தவர்க்குரிய பெயர் பற்றியும் ஒரு சொல். சரவாக்கில் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் பல ஆண்டுகள் வாலஸோடு திரிந்து, பறவைகளைச் சுட்டும் தோலுரித்தும் கொடுத்தார். பச்சான் தீவில் 1858-இல் புதிய சொர்க்கப்பறவை ஒன்றைக் கொண்டுவந்தவர் அலிதான். நூல் இதை மறைக்கவில்லை. ஆனால் அறிவியல் அப்பறவைக்குச் சூட்டிய பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை.

இத்தீவு மக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதும் நூலில் மெலிதாகவே தெரிகிறது. சுமத்திராவின் பாரூசில், தமிழ் வணிகர் குழு 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, நூல் வெளிவந்த நான்கு ஆண்டுகள் கழித்து 1873-இல் கிடைத்தது. அதைவிட வியப்பானது செலிபஸ், அதாவது இன்றைய சுலாவெசியில் நேர்ந்தது. 1857-இல் வாலஸ் அங்கே மாரோஸ் என்ற இடத்தில் சுண்ணாம்புக் குன்றுகளிடையே அருவிக்கரையில் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரக் குகைகளில்தான் மிகப் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று குறைந்தது 51,200 ஆண்டுப் பழமையானது என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. பூச்சியைத் தேடிய கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை.

இரண்டாம் நிலம்: ஆழம் பார்க்காத ஊகம்

இந்தச் சுலாவெசிதான் வாலஸை மிகவும் குழப்பிய தீவு. மேல்நோக்கி வளைந்த கோரைப்பற்கள் கொண்ட பாபிருசாப் பன்றி, அனோவா என்னும் குள்ள எருமை, கருங்குரங்கு ஆகியவை அங்கே உள்ளன. அவற்றின் நெருங்கிய உறவினர் அருகிலுள்ள போர்னியோவில் இல்லை என்றும், சாயல் ஆப்பிரிக்க விலங்குகளில் தென்படுவதாகவும் அவர் கருதினார். ஆகவே இந்தியப் பெருங்கடலில் முன்னொரு காலத்தில் நிலம் இருந்து, இரண்டையும் இணைத்திருக்குமோ என்று வினவினார். அதற்குத் துணையாக, ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் 1864-இல் முன்மொழிந்த இலெமூரியாவை நூலில் எடுத்துக்காட்டுகிறார்.

ஸ்கிளேட்டரின் வாதம் இது: இலெமூர் என்னும் விலங்கின் தலைமையிடம் மடகாஸ்கர். அதன் உறவினர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் மலாய்த் தீவுகளிலும் உண்டு. நம் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் இரவில் உருண்ட கண்களோடு கிளைபற்றி நகரும் தேவாங்கு அவற்றுள் ஒன்று. எனவே இந்நாடுகளை எல்லாம் இணைத்த கண்டம் இருந்திருக்க வேண்டும்.

முதல் நிலத்துக்கான வாதத்தோடு இதை ஒப்பிடுங்கள். விலங்குச் சான்று இருக்கிறது. ஆழச் சான்று? அது வாதத்தில் இடம்பெறவே இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதி 40 பாகமன்று. 4,000 மீட்டர் அளவு ஆழம். ஒரு சாட்சியைக் கொண்டே தீர்ப்பு எழுதப்பட்டது.

வாலஸின் பெருமை இதற்குப் பிறகே தெரிகிறது. 1880-இல் வெளியிட்ட 'தீவு வாழ்க்கை' என்ற நூலில் இலெமூரியாவை அவர் கைவிட்டார். இலெமூர் வகை விலங்குகளின் புதைபடிவங்கள் ஐரோப்பாவில் கிடைத்திருந்தன. வடக்கே பரவலாக வாழ்ந்த பழைய இனம் அங்கே அழிந்து, தெற்கு ஓரங்களில் மட்டும் எஞ்சியது என்று கொண்டால் கடல்நடுக் கண்டம் தேவையில்லை. பெருங்கடல்களின் ஆழ அளவீடுகளும் அதற்குள் பெருகியிருந்தன. தாம் முன்பு ஆதரித்த கருத்தைத் தாமே எதிர்த்து வாதிட அவர் தயங்கவில்லை.

பின்னர் இயற்பியல் இதை உறுதிப்படுத்திற்று. கண்டங்களின் பாறை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கனமும், நீரைப்போல 2.7 மடங்கு அடர்த்தியும் உடையது. கடலடிப் பாறை சுமார் 7 கிலோமீட்டரே கனம். அடர்த்தி 3-ஐ ஒட்டியது. இரண்டும் 3.3 அடர்த்தியுள்ள உள்ளடுக்கின்மேல் மிதக்கின்றன எனலாம். கண்டம் நீரில் மிதக்கும் தடித்த மரக்கட்டை போன்றது; கட்டை தானாக மூழ்காது. உடையலாம், விலகலாம், 4,000 மீட்டர் ஆழத்தில் சென்று மறையாது. ஆய்வுக் கப்பல்கள் துளையிட்டுப் பார்த்த இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் மிகப் பெரும்பாலும் எரிமலைக் கடலடிப் பாறையே. செஷல்ஸ் தீவுகளின் கருங்கல் போன்ற கண்டத் துண்டுகள் சில உண்டு. அவை இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது விடுபட்டவை. அப்பிரிவு நடந்து 8 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மனித இனம் அன்று தோன்றவே இல்லை.

நமக்கு எது பாடம்?

வாலஸ் விட்டுவிட்ட இலெமூரியாவை நாம் பிடித்துக்கொண்டோம். சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் கூறும் கடல்கோளுக்கு அது மேனாட்டு அறிவியலின் சான்று என்று கருதப்பட்டது. தமிழின் தொன்மையை நிலைநாட்ட விரும்பியவர்களின் ஆர்வம் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால், முன்மொழிந்தவர்களின் வழியினரே திரும்பப் பெற்ற சான்றை நாம் மட்டும் தொடர்ந்து காட்டிக்கொண்டிருந்தால், கேட்பவர் நம் மற்றச் சான்றுகளையும் ஐயுறுவர். கீழடியில் அடுக்கடுக்காகத் தோண்டிக் காலம் கணித்துச் சேர்க்கும் உழைப்புக்கு அது நாம் செய்யும் தீங்கு.

கடல்கோளை ஆராய விரும்புவோர்க்கு வாலஸின் முதல் நிலமே நல்ல வழிகாட்டி. பாக் நீரிணை மிக ஆழமற்றது. பனியூழியில் தமிழ்நாடும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. குமரிமுனைக்குத் தெற்கேயும் மீன்வளம் மிக்க ஆழங்குறைந்த மேடை உண்டு. அதற்கு அப்பால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. 20,000 ஆண்டுகளுக்கும் 7,000 ஆண்டுகளுக்கும் இடையில் கடல் மெல்ல ஏறி அம்மேடைகளை மூடியது. நம்மிடமும் மூழ்கிய நிலம் உண்டு. அது கண்டமன்று, ஆனால் உண்மை. அந்நிகழ்ச்சியின் நினைவுதான் இலக்கியத்தில் உள்ளதா என்பது தனியே ஆராய வேண்டிய கேள்வி. ஆழமானியும் அகழாய்வும் சேர்ந்தே அதற்கு விடை சொல்ல முடியும்.

'மலாய்த் தீவுக்கூட்டம்' குறையற்ற நூலன்று. மக்களைப் பற்றிய இயல்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தாயைச் சுட்டுவிட்டு, அதன் குட்டியான ஒராங் ஊத்தானைப் பாலுக்கு வழியின்றி அரிசிக்கஞ்சி ஊட்டி வளர்க்க முயன்று, மூன்று மாதத்திற்குள் பறிகொடுத்த பகுதியை இன்றைய வாசகர் மனவேதனையின்றிப் படிக்க முடியாது. ஆயினும், ஓர் ஊகம் எப்போது அறிவியலாகிறது, எப்போது ஊகமாகவே நின்றுவிடுகிறது என்பதை ஒரே அட்டைக்குள் இவ்வளவு தெளிவாகக் காட்டும் நூல்கள் மிகச் சிலவே.

கல்லூரி மாணவர்கள் இந்நூலின் முதல் இயலையும், பாலி-லொம்பொக் பகுதியையும், செலிபஸின் உயிரினங்கள் பற்றிய இயலையுமாவது படிக்க வேண்டும். படிக்குமுன், கடலின் ஆழத்தை நிற வேறுபாட்டால் காட்டும் நிலப்படம் ஒன்றை எடுத்து, 120 மீட்டர் ஆழக் கோட்டைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். முதலில் மலாய்த் தீவுகளைச் சுற்றி. பிறகு குமரிமுனையைச் சுற்றி.